பதினான்காம் விதியும் காணாமற்போன டாஸ்க்பாரும்

வாம்புரா பௌல்ஸ் கிளப், செயலாளர் அறை,
எல்லைத் தெரு, தெற்குச் சாரி.
சனிக்கிழமை பிற்பகல். மணி தெரியவில்லை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை ப்ரென்டனுக்கு மாமனார் மெர்வின் பெங்கெலி எழுதிக்கொண்டது. நான் நலம். உங்கள் மாமியார் ஜாய்ஸும் நலம். அந்த நலம் எப்படிப்பட்டது என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். பேத்தி ஹார்ப்பருக்கு இரண்டாவது பல் முளைத்ததாக இங்கே வந்திருக்கிற மகள் லீயேன் சொன்னாள், கேட்டு மகிழ்ந்தோம். பிரிஸ்பேனில் நல்ல மழை என்றாள், இங்கே ஒரு சொட்டு இல்லை என்றாலும் அதற்கும் மகிழ்ந்தோம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

கணினித் திரையின் அடியில் ஒரு பட்டை ஓடுமே, நடுவில் சின்னச் சின்னப் படங்களும் வலது கோடியில் மணியுமாக, டாஸ்க்பார் என்று நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, அது செவ்வாய்க்கிழமை முதல் காணவில்லை. அன்று காலையில் இருந்தது. மெல்போர்ன் குதிரைப் பந்தய நாள் என்பதால் ஊரே குடித்துக்கொண்டிருந்தது, புல்தரைக்குத் தண்ணீர் விட்டார்களா என்று பார்க்க நான் ஒருவன்தான் எழுந்து போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தால் பட்டை இல்லை. என் கோப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன, எழுத்துகள்கூட வழக்கத்தைவிடக் கொஞ்சம் பருத்துத் தெரிந்தன, புதுக் கண்ணாடியின் வேலை என்று நினைத்துக்கொண்டேன், அடிப்பகுதி மட்டும் மழித்துவிட்டமாதிரி போய்விட்டது. அன்று மாலையே உங்களை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. புதன்கிழமை எடுத்தீர்கள், குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மெர்வ்" என்றீர்கள், வைத்துவிட்டீர்கள். பதினோரு முறை ரீஸ்டார்ட் செய்தேன். வியாழக்கிழமை, திரையைப் படம் பிடித்து மெயிலில் அனுப்பும்படி குறுஞ்செய்தி வந்தது. மெயிலைத் திறக்கும் படம் அந்தப் பட்டையில்தான் இருந்தது, மாப்பிள்ளை. வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்கிறவனிடம், உள்ளே போய் மேஜை மேல் தேடு என்று சொல்வதற்கு உங்களுக்கு ஒரு கம்பெனி சம்பளம் தருகிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இன்று மாலை லீயேன் காரில் கிளம்பி உங்களிடம் திரும்புகிறாள், இதே கணினியில் அடித்து, அச்செடுத்து அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு பட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பீர்கள். உங்கள் பிரிஸ்பேனில் மணி என்றால் மணி. எங்கள் ஊரில் அது ஒரு கட்சி. எல்லைத் தெருவின் வடக்குச் சாரி குவீன்ஸ்லாந்து மாநிலம், தெற்குச் சாரி நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். அக்டோபர் பிறந்தால் தெற்குச் சாரிக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டு, ஏப்ரல் வரை எங்களைவிட ஒரு மணி நேரம் முன்னேறிய மனிதர்களாக நடந்துகொள்வார்கள். நாங்கள் தள்ள மாட்டோம். ரொட்டி வாங்கத் தெருவைக் கடந்தால் ஒரு மணி நேரம் போய்விடும், ரொட்டியோடு திரும்பினால் கிடைத்துவிடும். என் வீடு வடக்குச் சாரி, கிளப் தெற்குச் சாரி. பந்து உருட்டுகிற ஆட்டத்தைப் பத்து மணிக்குத் தொடங்கலாம் என்றால் எந்தப் பத்து என்று கேட்டு நாற்பது வருஷம் அடித்துக்கொண்டவர்கள் நாங்கள். அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன், உங்கள் ஆபீஸில் கழித்துப்போட்ட இந்தக் கணினியை நீங்கள் அன்பளிப்பு என்று கொண்டுவந்து வைத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போன வாரமே, பதினான்காம் விதியை என் கைப்பட எழுதினேன்: "கிளப்பின் நேரம் என்பது செயலாளர் அறைக் கணினியின் வலது கீழ் மூலையில் தெரியும் நேரமே, வேறெந்தக் கடிகாரமும் செல்லாது." ஜூன் மாதக் கூட்டத்தில் வைத்தேன். ஜூனில் இரண்டு சாரிக்கும் ஒரே மணி, அதனால் கைதட்டி நிறைவேற்றினார்கள். கணினி பிரிஸ்பேனிலிருந்து வந்தது, அதில் ஓடுவது குவீன்ஸ்லாந்து மணி என்பதை அக்டோபரில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் விதி விதியாகிவிட்டது. மூன்று வருஷமாக நியூ சவுத் வேல்ஸ் மண்ணில் குவீன்ஸ்லாந்து மணி ஓடுகிறது, ஒரு துப்பாக்கி வெடிக்காமல் ஒரு மாநிலத்தின் எல்லையை அறுபது அடி தெற்கே தள்ளியவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொள்வதுண்டு. வெளியில் சொன்னதில்லை.

இந்த இடத்தில் சுவருக்கு அப்பால் மதுக்கூடத்தில் ஒரு பெரிய சிரிப்பு. கிரிக்கெட் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. யாரோ சுலபமான கேட்சைக் கோட்டைவிட்டிருக்க வேண்டும்.

நான் அந்தப் பக்கம் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் மதுக்கூடத்தில் தொப்பியோடு நுழைந்தால், அங்கே பீர் ஊற்றுகிற கெல்வின் மணியை அடிப்பான், மணி அடித்தால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் நுழைந்தவன் ஒரு சுற்று பீர் வாங்கித்தர வேண்டும். வெயிலில் வந்த தோல் புள்ளிகளை டாக்டர் என் மண்டையிலிருந்து வெட்டி எடுத்த பிறகு நான் தொப்பியைக் கழற்றுவதில்லை. ஒருமுறை கழற்றியபோது அந்த மண்டையைப் பார்த்து, மழை இல்லாத வருஷத்துப் புல்தரை மாதிரி இருப்பதாகக் கெல்வின் சொன்னான், மூன்று பேர் சிரித்தார்கள், அந்த மூன்று பேர் யாரென்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன். நஷ்டம் ஒன்றுமில்லை. மாவுக்குள் கறி வைத்துக் கெல்வின் சுடுகிற இறைச்சிப் பைகளுக்கு ஊரில் பெயர் உண்டு என்பார்கள், நேற்றுச் சுட்டதை இன்று சூடாக்கி விற்கிறவனுக்கு என்ன பெயரோ அந்தப் பெயர். இதோ, யாரோ "ஏய்" என்று கத்துகிறார்கள். அவுட் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

தேடிய கதைக்கு வருகிறேன். புதன்கிழமை முழுக்க, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் இடைவிடாத தேடல். நெவில் வந்தார், ஐம்பது வருஷம் ஆட்டுமந்தை ஓட்டிய மனிதர், கணினி தெரியாது என்றாலும் காணாமற்போனதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"எங்கயாவது மூலையில பதுங்கியிருக்கும் மெர்வ். நேரா போய்த் தொரத்தாத, மெரண்டுடும். ஓரமா சுத்திப் போ. மெதுவா."

அம்பை ஓரமாக ஓட்டினேன். மேல் ஓரம், இடது ஓரம், வலது ஓரம். நெவில் நாய்க்குக் கொடுக்கிற சீழ்க்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழ் ஓரத்துக்குப் போனதும் அம்பு திரைக்கு அடியில் இறங்கி மறைந்துவிட்டது, இழுத்தால் மேலே வந்தது.

"அங்க ஏதோ பள்ளம் இருக்கு. உள்ளதான் விழுந்து கெடக்கு, எழுதி வெச்சுக்க" என்றார் நெவில். ஒரு பீர் குடித்துவிட்டு வந்து யோசிப்பதாகச் சொல்லி மதுக்கூடத்துக்குப் போனவர், இன்றுவரை திரும்பவில்லை. பக்கத்து ஊர்க் கணினிக் கடைக்கு போன் செய்தேன், ஒன்பது மணிக்குத் திறப்போம் என்றார்கள், எந்த ஒன்பது என்று கேட்டேன், வைத்துவிட்டார்கள்.

இதற்குள் கிளப் பழையபடி இரண்டாகிவிட்டது. வலது கீழ் மூலை இல்லாவிட்டால் கிளப்புக்கு நேரமே இல்லை, விதி அப்படி. என் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். டெஸ்லி ஹார்ட்டிகன் விதிப்புத்தகத்தைப் பிரித்து, "கைக்கடிகாரம்னு எங்கயும் போடலியே மெர்வ்" என்றாள். டெஸ்லி யாரென்று நீங்கள் மறந்திருக்கலாம், லீயேனுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவள், பள்ளியைத் தலைமையாசிரியையாக நடத்தி ஓய்வு பெற்றவள், தெற்குச் சாரி. வியாழக்கிழமை கூனவாரி அணி எங்களோடு ஆட வந்தது. அவர்கள் தங்கள் பத்து மணிக்கு வந்தார்கள், எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவரவர் பத்து மணிக்கு வந்தார்கள், மீதிப் பேர் வந்தபோது கூனவாரி அணி எங்கள் ஸ்கோன் ரொட்டிகளையும் ஜாமையும் தீர்த்துவிட்டு, ஆடாமலே ஜெயித்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். செயலாளர் பதவிக்கு மனு கொடுக்க வெள்ளி மாலை ஐந்து மணியோடு கெடு. பத்தொன்பது வருஷமாக இந்தப் பதவிக்கு வருகிற மனு ஒன்றே ஒன்று, அது என்னுடையது. வேறு யாரும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியில் போடுவேன். நேற்று என் கைக்கடிகாரத்தில் நான்கு நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. டெஸ்லி. கையில் மனு.

"வாங்கிக்க மெர்வ். நானும் நிக்கறேன்."

அவள் ஜெயித்தால் முதல் வேலையாகப் பதினான்காம் விதியை எடுத்துவிடப்போவதாக அக்டோபரிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் வழக்கம்போலத் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. அப்போதுதான் அது தோன்றியது.

"மணி ஆயிடுச்சே டெஸ்லி" என்றேன்.

"என்ன மணி?"

"அஞ்சு நாப்பது. கம்ப்யூட்டர்ல மணி இல்ல. அப்ப கிளப் நிக்கற மண்ணோட மணியத்தான் பாக்கணும். இது நியூ சவுத் வேல்ஸ் மண்ணு."

டெஸ்லி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பில் அந்தப் பார்வைக்குப் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று லீயேன் சொல்லியிருக்கிறாள்.

"மூணு வருஷமா இந்த மண்ணு எங்க போயிருந்துச்சு?" என்றாள்.

நான் "காலம் கடந்தது" என்ற முத்திரையை எடுத்து மனுவில் குத்தினேன். குத்திய பிறகுதான் கீழே பார்த்தேன். முன்மொழிபவர் ஒரு தெற்குச் சாரிக்காரர், அது போகட்டும். வழிமொழிபவர் ஜாய்ஸ் பெங்கெலி. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும், நாற்பத்துநான்கு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிறேன். டெஸ்லி போன பிறகு, என் கடிகாரத்தில் நான்கு ஐம்பத்தைந்துக்கு, வழக்கம் மாறாமல் என் மனுவைப் பெட்டியில் போட்டேன். அறையில் யாரும் இல்லை, அதனால் அது எந்த மண்ணின் மணி என்ற கேள்வியும் எழவில்லை.

இரவுச் சாப்பாட்டில் உங்கள் மாமியாரிடம் கேட்டேன். தெரியாமல் கையெழுத்துப் போட்டாயா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "படிச்சுப் பாத்துத்தான் போட்டேன். உருளைக்கிழங்கு இன்னும் வேணுமா?" என்றாள். இதுதான் நான் மேலே சொன்ன நலம்.

இனி எழுதுவது உங்களுக்கு மட்டும், லீயேனிடம் காட்ட வேண்டாம். தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு, சமையலறையில் போய் நின்றேன். போவதற்கு இடம் இல்லை. ஜாய்ஸ் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ போட்டாள். இரண்டாம் நாளும் நின்றேன். இப்படி ஏழு வாரம். பிறகு இந்த அறையின் சாவி என் கைக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நீங்கள் கொடுத்த கணினி. இங்கே நான் செய்வதில் பாதி வேலை தேவையில்லாத வேலை என்று எனக்கே தெரியும். ஆனால் காலையில் தெருவைக் கடக்க ஒரு காரணம் இருக்கிறது. நாளைப் பொதுக்குழுவில் டெஸ்லியின் மனு செல்லும் என்றாகி அவள் ஜெயித்தால் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வர வேண்டும். திங்கட்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ப்ரென்டன்.

சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. தேநீர் இடைவேளை விட்டிருப்பார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நேற்று வரை டாஸ்க்பாரைக் கண்டுபிடித்துத் தரும்படி உங்களைக் கெஞ்சினேன். இப்போது கண்டுபிடிக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். ஒருமுறை நீங்கள் பிரிஸ்பேனில் உட்கார்ந்தபடியே இந்தக் கணினிக்குள் நுழைந்து என் அம்பை நகர்த்திக் காட்டினீர்கள், எனக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறியது. அந்த வித்தையைத் தயவுசெய்து இப்போது காட்டிவிடாதீர்கள். நாளை மூன்று மணிக்குப் பொதுக்குழு. பட்டை அதற்குள் திரும்பி வந்து, அதில் ஓடுவது குவீன்ஸ்லாந்து மணிதான் என்பதை நாலு பேர் பார்த்து, அப்படியானால் வெள்ளிக்கிழமை டெஸ்லி வந்தது நான்கு நாற்பதுதானே என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் கிடையாது. பொதுக்குழு முடியும்வரை அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் தேடிக்கொண்டிருப்பதாக மட்டும் காட்டிக்கொள்ளுங்கள், அதில் உங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு.

மதுக்கூடத்தில் இப்போது ஊளையிடுகிறார்கள், மேஜையைக்கூடத் தட்டுகிறார்கள். ஆட்டம் முடியும் கட்டம் போலும்.

ஹார்ப்பருக்கு மீதிப் பற்களும் சிரமமில்லாமல் முளைக்கட்டும், நீங்கள் இரவில் தூங்கவும் பகலில் போனை எடுக்கவும் வரம் கிடைக்கட்டும், உங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தப் பட்டையும் தொலையாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மெர்வின் பெங்கெலி,
கௌரவச் செயலாளர் (நாளை மூன்று மணி வரை நிச்சயமாக).

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்து வரியை அடித்து முடித்த நேரத்தில் கெல்வின் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, தட்டில் ஒரு இறைச்சிப் பையை என் முன்னால் வைத்தான்.

"தொட்டுப் பாரு. நேத்துச் சுட்டதுன்னு எழுதியிருக்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுச் சுட்டது. எல்லாரும் படிக்கற எடத்துல இப்படியா எழுதுவ?"

"எங்கய்யா எழுதியிருக்கேன்?"

"அஞ்சாவது பத்தியில."

கடிதத்தை நான் இன்னும் அச்சடிக்கவே இல்லை, மாப்பிள்ளை.

எழுந்து ஓடினேன், இரண்டு வருஷமாகத் திறக்காத கதவைத் திறந்துகொண்டு மதுக்கூடத்துக்குள் போய் நின்றேன். பின்னாலேயே வந்த கெல்வின் முதல் காரியமாக மணியை அடித்தான், என் தலையில் தொப்பி. உள்ளே முப்பது பேர். சுவர் அகலத் தொலைக்காட்சியில் என் கடிதம், ஒவ்வொரு எழுத்தும் பிஸ்கட் அளவு. அதற்கு அடியில், ஒரு கீறல் இல்லாமல், டாஸ்க்பார். வலது மூலையில் மணி மூன்று இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை நான் புல்தரையைப் பார்க்கப் போனபோது, சீட்டுக் குலுக்கிப்போட்டதில் யாருக்கு எந்தக் குதிரை விழுந்தது என்ற பட்டியலைப் பெரிதாகக் காட்டுவதற்காகக் கெல்வின் என் கணினியிலிருந்து சுவர் வழியாக ஒரு கேபிளை இழுத்திருக்கிறான். படம் அந்தப் பெரிய திரைக்குத் தக்கபடி விரிந்துவிட்டது, என் பழைய சதுரத் திரையில் அடிப்பகுதிக்கு இடமில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் அடித்தது, அழித்தது, திறந்தது, மூடியது எல்லாவற்றையும் நான்கு நாளாக ஊர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"சொல்லலாம்னுதான் இருந்தோம்" என்றான் கெல்வின். "சேனல் மாத்தலாம்னா ரிமோட்டும் செவ்வாய்க்கெழமையில இருந்து காணோம். ஆனா உண்மையச் சொல்றேன் மெர்வ், நாலு நாளா டிவியில இதவிட நல்லதா எதுவும் வரல."

"அப்ப கிரிக்கெட்?"

"இன்னிக்கு மேட்சே கெடையாது."

நெவில் மூலையிலிருந்து எழுந்து வந்தார், முகம் வாடியிருந்தது. "புதன்கெழம சாப்புடாம தேடினேன்னு எழுதியிருக்க. நாலு மணி நேரம் நீ கம்ப்யூட்டர்ல சீட்டுதான் ஆடின, நாங்க இருவது பேரு பாத்தோம். கறுப்பு ஒம்பது காலியா இருந்துச்சு, செவப்பு எட்டு கையில இருந்துச்சு, வெக்காம விட்டுட்ட. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல."

டெஸ்லி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடவில்லை. பிள்ளைகள் அடங்குவதற்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள்.

"நான் வெள்ளிக்கெழம உன் கதவத் தட்டினப்ப அந்த மூலையில நாலு நாப்பது. பதினெட்டுப் பேரு சாட்சி. இன்னொண்ணு, உன் மனுவ நாலு அம்பத்தஞ்சுக்குப் போட்டதா நீயே எழுதியிருக்க. எனக்குச் சொன்ன மண்ணோட மணிப்படி அது அஞ்சு அம்பத்தஞ்சு. அப்ப இந்தக் கிளப்புக்குச் செயலாளரா நிக்க ஆளே இல்ல. எந்த மணி வேணும், நீயே சொல்லு."

பதினான்காம் விதியை எழுதியவன் நான், அதை எதிர்த்து என்னாலேயே வாதாட முடியவில்லை. அறைக்குப் போய் அவள் மனுவை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் முத்திரையின் மேல் கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு மனுவும் செல்லும். அந்த விதியை நாளைக்கே எடுத்துவிடுவாயா என்று டெஸ்லியிடம் கேட்டேன். "இருக்கட்டும். இன்னிக்கு என்னக் காப்பாத்தினது அதுதான்" என்றாள்.

உங்கள் மாமியார் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். கண் சிவந்திருந்தது, சிரித்ததாலா வேறெதனாலா என்று தெரியவில்லை, அவளும் ஒவ்வொரு பத்தியாகப் படித்திருக்கிறாள்.

"பத்தொம்பது வருஷமா உன்ன யாரும் தேர்ந்தெடுத்ததே இல்ல மெர்வ். எதிர்த்து யாரும் நிக்கல, அவ்வளவுதான். ஒரு தடவ நின்னு ஜெயிச்சுட்டு வா. இல்ல தோத்துட்டு வா. ரெண்டுக்கும் வீட்டுல சாப்பாடு உண்டு. திங்கக்கெழம சட்ட மாட்டிக்கிட்டு நிக்க எடமில்லன்னா என் ரோஜாச் செடியெல்லாம் ஆறு வருஷமா வெட்டாம நிக்குது, அங்க வந்து நில்லு."

"நீ யாருக்குப் போடப்போற?" என்று கேட்டேன்.

"ரகசிய ஓட்டு. ஏழாம் விதி. நீ எழுதினது."

முப்பது பேருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்துவிட்டு, பையையும் தின்றுவிட்டு (சூடாகத்தான் இருந்தது, அச்சில் ஒப்புக்கொள்கிறேன்), இப்போது அறைக்குத் திரும்பி இந்தப் பின்குறிப்பை அடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தே அடிக்கிறேன். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு எழுந்து போவது முறையல்ல. அதனால், நாளை எனக்கு ஓட்டுப் போடுவதாக இருக்கிற உறுப்பினர்கள், ஏழாம் விதிக்குப் புறம்பானதுதான் என்றாலும், சுவரை ஒரு தட்டுத் தட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு தட்டு. மோதிரம் படுகிற தட்டு. நாற்பத்துநான்கு வருஷமாக எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் நான் கேட்டு வருகிற அதே தட்டு.

அதற்குப் பிறகும் சில தட்டுகள் கேட்டன, நான் எண்ணவில்லை. நீங்கள் எதையும் சரிசெய்ய வேண்டாம், ப்ரென்டன். கேபிள் அப்படியே இருக்கட்டும் என்று கெல்வினிடம் சொல்லிவிட்டேன்.